அரிசிக்குள் அடித்த மணி

பாண்டி, இதை நின்றுகொண்டு வாசிக்காதே. மில்லில் இருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து வாசி. மகேஸ்வரியையும் பக்கத்தில் உட்காரவைத்து அவள் காதில் விழும்படி வாசி. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயிடம் கொடுத்துவிடுகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவள் விருதுநகர் வருகிறாள். உறையை நான் ஒட்டவில்லை. வழியில் அவளே பிரித்துப் பார்த்தாலும் சரி, பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்தாலும் சரி. இத்தனை நாள் மறைத்து வைத்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். அதையும் ஒட்டி மறைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை போனில் நீ சொன்னாய். "இந்த வெள்ளிக்கிழமையோட ஹரிணி கையில இருக்கிற சென்சார் முடியுதும்மா. இனிமே ஒட்டப் போறதில்ல. ஒரு பெட்டி பிரிக்காம இருக்கு, அத ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துருவேன். அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காத மணி எதுக்கு?" நான் "சரிப்பா" என்றேன். அதற்கப்புறம் இரண்டு தடவை உனக்குப் போன் போட்டேன். "என்னம்மா?" என்று நீ கேட்டதும், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயில் வராதது கையிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை புதிதை ஒட்டு. ஏன் என்பது கீழே வருகிறது. கோபம் வந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹரிணிக்கு ஆறு வயது நடந்தபோது, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். "இந்த வெயிலுக்கு யாருதான் குடிக்கல" என்று சொன்னது நான். படுக்கையை நனைத்தாள். "எங்கயோ பயந்திருக்கா" என்று விபூதி பூசிப் படுக்கவைத்ததும் நான்தான். மகேஸ்வரிதான், "அத்தை, பிள்ளை எலும்பும் தோலுமாப் போயிட்டா, பாத்தீகளா இல்லையா?" என்று கத்தினாள். மறுநாள் வாந்தி எடுத்து, மூச்சு இழுத்து இழுத்து விட்ட பிள்ளையை நீ தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். மிட்டாய் தின்று வருகிற நோய் இல்லை இது, அவள் உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது, இனி ஆயுள் முழுக்க ஊசிதான், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். தெருவில் யார் அதைக் கேட்டார்கள்? "மிட்டாயாக் குடுத்துக் கெடுத்துப்புட்டீக" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னதற்கு, மகேஸ்வரி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "ஆமாக்கா, எங்க வீட்டுல மிட்டாய்க் கடையே இருக்கு, பொழுதுபோகாமத்தான் நான் பட்டாசு கம்பெனி வேன்ல ஏறுறேன்" என்றாள். அன்று நான் மனசுக்குள் சிரித்தேன். இவள் என் மருமகள் என்று பெருமையாக இருந்தது.

விரலில் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்த காலம் போய், சென்சார் வந்தது. நான் அதைப் பொத்தான் என்றேன். ஹரிணி சிரித்துச் சிரித்துத் திருத்தினாள், நான் மாறவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கைச்சதையில் ஒட்டிக்கொண்டு, பதினாலு நாள் தோலுக்குள் இருந்தபடியே சர்க்கரையைப் பார்த்துப் போனுக்குச் சொல்லும். போனில் ஓர் எண்ணும் ஓர் அம்பும் தெரியும். அம்பு படுத்திருந்தால் பயமில்லை. தலை கவிழ்ந்தால் இறங்குகிறது. எழுபதுக்குக் கீழே போனால் மணி அடிக்கும். மணி என்று சொன்னோமே தவிர அது அலறல். நீ என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சமையல்கட்டுச் சுவரில் பென்சிலால் எழுபது என்று எழுதி, "இதுக்குக் கீழ வந்தா யோசிக்கவே கூடாது, முதல்ல குளுக்கோஸ், அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றாய். நான் ஒரே நாளில் படித்துவிட்டேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, "பாட்டியம்மா நல்லாக் கவனிச்சுக்கிறாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம் ஊர் புதுப்பட்டியில் நான் எத்தனை வீட்டில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பெருமைதான் பிற்பாடு என் வாயை அடைத்தது.

போன் என்னிடம் ஏன் இருந்தது என்பது உனக்குத் தெரியும். மகேஸ்வரியின் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உன் போனிலும் அந்த எண் தெரியும்படி வைத்திருந்தாய். ஆனால் தீபாவளி சீசன் நாளில் குடோனுக்குள் வண்டியை விட்டு லோடு ஏற்றுகிறபோது உன் போனும் கேட்டில் அணைந்துதான் கிடக்கும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் போன் கூடாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் அந்தக் கேட்டுக்குள் போய் வந்தவள் நான். அறைக்குள் நுழையும் முன், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் வைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைந்த பழக்கத்தில், இன்றைக்கும் நம் வீட்டு நிலையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். என் கையில் ஒரு பொறி பட்டதில்லை. அதுவும் ஒரு பெருமை எனக்கு.

உனக்கு ஏழு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி வேலை போதாதென்று கருந்திரி வேலையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். வெடிமருந்து ஏறிய நூல் அது. வீட்டில் வைத்து அதை வெட்டுவதும் கட்டுவதும் சட்டப்படி குற்றம், அதைவிட உயிருக்கு ஆபத்து. போலீஸ் தெருவுக்குள் வருகிறது என்றதும் எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிவிட்டு, "கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுலே" என்று உன் காதில் சொன்னேன். நீ வாசலில் நின்று, "எங்க வீட்டுல ஒண்ணுமில்ல சார்" என்றாய். போலீஸ்காரர் போனபிறகு நீ வாந்தி எடுத்தாய். அன்று ராத்திரி உன் தலையில் கைவைத்து, இனி திரி இந்த வீட்டு வாசல் ஏறாது என்று சத்தியம் செய்தேன்.

போன சீசனில் அந்தச் சத்தியத்தை நான் உடைத்தேன், பாண்டி. கம்பெனியை விட்டு நின்ற பிறகு சும்மா இருந்த கை எனக்குப் பாரமாக இருந்தது. வேலை கொண்டுவந்து கொடுக்கிற ஆள் ஒருவர், "உங்க கைக்கு யாரு வருவா?" என்றார். அந்தச் சொல்லுக்கு மயங்கினேன். பிள்ளைக்குச் சென்சார் வாங்க உதவும் என்றுதான் செய்தேன் என்று இங்கே எழுதிவிட ஆசையாக இருக்கிறது. அது பொய். நீயும் மகேஸ்வரியும் வேலைக்குப் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டியிருந்த கொட்டகையில் வைத்து வெட்டினேன். நீங்கள் வருவதற்குள் மூடி வைத்தேன். பதினோரு நாள் இப்படி நடந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பின்னால்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மகேஸ்வரி ஊசி போட்டுவிட்டு, நாலு இட்லியைத் தட்டில் வைத்து, "அத்தை, நாலையும் தின்னாளான்னு பாத்துக்கிடுங்க, நாலுக்குக் கணக்கு வச்சுத்தான் மருந்து ஏத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள். நீ அதற்கு முன்பே லோடுக்குப் போய்விட்டாய். ஹரிணி டிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் தின்றாள், ஒரு வாய் பேசினாள். எனக்குப் பொறுமையில்லை. அன்று சாயங்காலத்துக்குள் திரியைக் கட்டிக் கொடுக்க வேண்டும். "தின்னுட்டுத் தட்டக் கழுவி வையி தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கையில் போன். அதை எங்கே வைப்பது?

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். நான் போனை வைத்துவிட்டு எங்கே போனாலும், "அப்பத்தா, உங்க போனு" என்று தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். திரி கிடக்கிற இடத்துக்குப் பிள்ளையும் போனும் சேர்ந்து ஓடி வருவதை நினைத்தேன். அப்போதாவது திரியை நிறுத்தியிருக்க வேண்டும். நான் போனை நிறுத்தினேன். பழைய துண்டில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்து மூடி, மேலே வெங்காயச் சாக்கைத் தூக்கி வைத்தேன். கம்பெனி நாளில் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போனேனே, அதே நிம்மதியோடு கொட்டகைக்குப் போனேன்.

எத்தனை நேரம் வெட்டினேன் என்று தெரியாது. அந்த வேலையில் காது அடைத்துக்கொள்ளும், கண் மட்டும்தான் இருக்கும். "அப்பத்தா" என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கொட்டகை வாசலில் ஹரிணி நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை. "பசிக்குது அப்பத்தா. கை ஒரு மாதிரி ஆடுது" என்றாள். காலை வெயிலில் நின்றதால் வேர்வை என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் காலுக்கு ஓரடி தள்ளிக் கிடந்த திரிதான். "அங்கனயே நில்லு! இங்கன வராத! போ உள்ள!" என்று கத்தினேன். சொன்ன சொல் தட்டாத பிள்ளை. திரும்பிப் போனாள்.

அவள் நடை சரியில்லை என்பது அவள் போன பிறகுதான் என் மண்டையில் ஏறியது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் சமையல்கட்டில் அரிசி டிரம்மை ஒட்டிக் கிடந்தாள். ஒரு கை டிரம் மூடியின் விளிம்பைப் பிடித்திருந்தது. வெங்காயச் சாக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உள்ளே இருந்து அந்த மணி, கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி, விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மணி அடித்தது, பாண்டி. பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. கேட்டு, அதைத் தேடிப் போய், மூடியைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். அந்த நிலைமையில் அவளால் சாக்கைத் தள்ள முடியவில்லை. அப்போதுதான் என்னிடம் வந்திருக்கிறாள். நான் விரட்டியதும் மறுபடி டிரம்மிடமே போயிருக்கிறாள். உன் பொத்தானும் போனும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. எல்லோரும் நம்பிய நான்தான் செய்யவில்லை.

கண் சொருகிக் கிடந்தவளுக்குத் தண்ணீராக எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்கோஸைக் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவினேன். நீ சொல்லிக்கொடுத்ததில் அதுதான் ஞாபகம் வந்தது. சண்முகத்தாய் என் சத்தம் கேட்டு வந்து, "ஏ மதினி, நீ பிள்ளையத் தூக்கு, நான் ஆட்டோவ மறிக்கேன்" என்று செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினாள். போனை டிரம்முக்குள் இருந்து எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் அது என் இடுப்பில் அடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஊசி ஏற்றி, கால் மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "அம்மா எங்க?" என்று கேட்டபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

இவ்வளவும் நடந்த பிறகாவது உண்மை பேசியிருக்கலாம். மகேஸ்வரி கம்பெனி உடுப்போடு, கையில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பொடியோடு ஓடி வந்தாள். "நாலு இட்லியும் தின்னாளா அத்தை?" என்றாள். "தின்னாளே" என்றேன். தட்டில் இரண்டு கிடந்ததை நான் பார்த்திருந்தேன். நீ வந்து, "மணி அடிக்கலையாம்மா?" என்றாய். "அடிக்கலப்பா" என்றேன். அந்த இரண்டு பொய்யும் யோசித்துச் சொன்னதில்லை. போலீஸ் வந்த அன்று வந்ததுபோலத் தானாக வாயில் வந்தது. அதற்கப்புறம் நீ அவளைப் பார்த்து, "மருந்தக் கூட ஏத்திப்புட்ட. பெத்தவ நீயே கணக்குத் தப்புனா?" என்றாய். குழாயடியில் அப்படிப் பேசினவள், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். என் புடவை முந்தானையில் அரிசி ஒட்டியிருந்தது.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்றும் செய்தேன். நீங்கள் இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் ஹரிணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பத்தா, போனு அரிசிக்குள்ள கத்துச்சு" என்றாள். நான் அவள் நெற்றியைத் தடவி, "கனாக் கண்டிருப்ப தாயி. மயக்கத்துல அப்படித்தான் கேக்கும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "இட்லி நாலும் தின்னேல்ல?" என்று கேட்டேன். தலையாட்டினாள். ஏழு வயதில் உன்னை வாசலில் நிறுத்திப் பொய் சொல்லவைத்தேன். ஒன்பது வயதில் அவளை, அவள் காது கேட்டதையே நம்பாதபடி செய்துவிட்டேன்.

அன்றைக்கே அவ்வளவு திரியையும் நனைத்து அழித்தேன். அந்த ஆளை இனி இந்தத் தெருப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். கொட்டகையில் இப்போது ஒன்றும் இல்லை, வந்து பார்த்துக்கொள். தீபாவளி முடிந்ததும் நீங்கள் விருதுநகருக்கு வீடு மாறினீர்கள். மகேஸ்வரி கம்பெனியை விட்டாள், நீ பருப்பு மில்லுக்குப் போனாய். அதெல்லாம் நல்லதுதான் என்று இருந்தேன். ஆனால் போன வாரம் மகேஸ்வரி என்னிடம் போனில் பேசினாள். "ஊசிய எடுத்தாலே அன்னைக்கு நடந்ததுதான் கண்ணு முன்னால வருது அத்தை. கம்மியாத்தான் ஏத்துறேன். முந்நூறுக்குக் குறைய மாட்டேங்குது. இறங்கி விழுறதுக்கு இது தேவலைன்னு தோணுது" என்று அழுதாள். முந்நூறிலேயே இருந்தால் பிள்ளையின் கண்ணும் சிறுநீரகமும் என்னவாகும் என்று டாக்டரம்மா சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். பொத்தானையும் கழற்றிவிட்டால், ஏறுகிறதும் தெரியாது, இறங்குகிறதும் தெரியாது. என் இரண்டு பொய்யைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டுமா?

அதனால் மகேஸ்வரி, இது உனக்கு. உன் கணக்கு தப்பில்லை. நாலு இட்லிக்குப் போட்ட மருந்து, பிள்ளை இரண்டுதான் தின்றாள். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவள் எழுந்து போய்விட்டேன். டாக்டர் சொன்ன அளவை நீ தைரியமாகப் போடு. உன் புருஷன் அன்று ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியை இப்போது என்னைப் பார்த்துக் கேட்கட்டும். பாண்டி, நீ அவளிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல், நான் எழுதித் தரமாட்டேன்.

இன்னும் ஒன்று. அந்தப் போனை இனி பெரியவர்கள் யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள். பட்டாசுக்காரர்கள் நாம் மூன்று பேரும் மூன்று கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களாகவே இருந்துவிட்டோம். அதை ஒரு துணிப்பையில் போட்டு ஹரிணியின் கழுத்திலேயே மாட்டு. நான் சுவர் எழுத்தில் படித்த எழுபதை அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள். வகுப்பு டீச்சரிடமும் சொல்லி வை. அவள் கை ஆடுகிறது என்று வந்து நின்றால், நீங்கள் என்ன வேலையில் இருந்தாலும், கையில் என்ன இருந்தாலும், அதைக் கீழே போட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

என்னை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. பிள்ளையை இனி என்னிடம் விடாதே என்று நீ முடிவு செய்தால், அதையும் நான் யாரிடமும் குறையாகச் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை புதுப் பொத்தானை ஒட்டும்போது ஹரிணியிடம் ஒன்றே ஒன்று மட்டும் என் பெயரைச் சொல்லிச் சொல்லு. அது கனா இல்லை, தாயி. போன் அரிசிக்குள்தான் இருந்தது. நீ கேட்டது சரிதான்.

உன் அம்மா